குங்குமம் போகாத பிளேடுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கத் தெரியும். பாலில் தண்ணீர் கலந்தால் கோபம், என் சைக்கிளை யாராவது நகர்த்தி வைத்தால் கோபம், குழாயடியில் வரிசை தப்பினால் கோபம். ஆனால் வெல்டிங் ராடைக் கையில் எடுத்துவிட்டால் எங்கிருந்தோ ஒரு பொறுமை வந்துவிடும். அதை வைத்துத்தான் பிழைத்தேன். வேலையில் வைத்த பொறுமையில் அரைக்கால் பங்கை வீட்டில் வைத்திருந்தால் இவன் மனுஷனாகியிருப்பான் என்று என் அக்கா சொல்வாள்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்து, நெஞ்சில் தூசி அடைத்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். நான் சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, மேலே பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். அக்காவை அதற்குள் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஒரு துணி மில்லின் பவர் ஹவுஸில் டர்பைன் டிரைவர். பாய்லரிலிருந்து வரும் ஆவியில் சுற்றுகிற அந்தப் பெரிய எந்திரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு. அவர்தான் மேஸ்திரியிடம் பேசி என்னை அதே மில்லில் வெல்டராகச் சேர்த்துவிட்டார். பக்கத்துச் சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். மூன்று வேளையும் சாப்பாடு அக்கா வீட்டில். பிற்பாடு ஊரில் என்னை உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று சொன்னார்கள். உண்டது உண்மை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு அந்த டர்பைன் 'அம்மா'. கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஷிப்டுக்குப் போனதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவார். ஒரு நீளமான இரும்புக் கம்பியை அதன் உடம்பில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். "இன்னிக்கி அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்பார். அடுத்த நாள் பேரிங்கைத் திறந்து பார்த்தால் ஏதாவது இருக்கும். வீட்டில் குழந்தை அழுதால்கூட அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்பது அக்காவின் புகார். அதைச் சொல்லும்போதே அவள் முகத்தில் பெருமை வழியும். மில்லுக்கே வெளிச்சம் கொடுக்கிறவர் என் புருஷன் என்று குழாயடியில் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு வருடம் மழை பொய்த்தது. அணையில் தண்ணீர் குறைந்து கரண்டு வெட்டு வந்தது. சொந்த டர்பைன் இருக்கிற மில்லுக்கு அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் அந்த வருடம் பார்த்து எங்கள் டர்பைன் உதற ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், கடைசிச் சக்கரத்தின் பிளேடுகள் எல்லாம் விளிம்பில் கரையான் அரித்த சட்டம் போல இருந்தன.

ஆவி மெத்தென்றிருக்கும் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆவி ஒரு பக்கம் கொதிப்பாக, காய்ந்து உள்ளே நுழையும். ஒவ்வொரு சக்கரமாகத் தள்ளித் தள்ளி வரும்போது சூடு இறங்கிக்கொண்டே வரும். கடைசிச் சக்கரத்துக்கு வரும்போது அதில் தண்ணீர்த் துளிகள் திரண்டுவிடும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அந்தத் துளிகள் பிளேடின் விளிம்பில் மோதும்போது, உருக்கு என்றும் பார்க்காது, அரித்துத் தள்ளிவிடும். தேய்ந்த பிளேடு ஒரு நாள் முறியும். முறிந்த துண்டு எந்திரத்தின் மூடியைக் கிழித்துக்கொண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வால்வைப் பிடித்து நிற்பவர் டிரைவர்.

புதுப் பிளேடு சீமையிலிருந்து வர வேண்டும். அந்நியச் செலாவணி இல்லை, லைசென்ஸ் கிடைக்காது என்று டில்லியிலிருந்து பதில் வந்ததாம். மில்லில் பாதித் தறிகள் நின்றன. ஆட்களை ஒரு வாரம் வேலைக்கு வா, ஒரு வாரம் வீட்டில் இரு என்றார்கள். எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவராவது அந்த மில்லில் வேலை. காலையில் குழாயடியில் பல் விளக்க நின்றால், "என்ன, ஆச்சா?" என்று கேட்பார்கள். நான் என்னவோ டர்பைனை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி.

எங்கள் பவர் ஹவுஸ் இஞ்சினியர் மைசூர்க்காரர். அவர் தாத்தா காலத்திலேயே சமஸ்தான வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். அவர்தான் சொன்னார்: தேய்ந்த விளிம்பைச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கைப் படலம் படலமாக வெல்டிங்கில் ஏற்றி, பழைய வடிவத்துக்கு அரத்தால் ராவிவிடலாம். கடினமான உருக்கை நேரே பிளேடின் மேல் போட்டால் பொருந்தாது, உதிர்ந்துவிடும். அதனால் முதலில் எவர்சில்வர் ஜாதியில் கொஞ்சம் இளகிய படலம் ஒன்று. அதன் மேல்தான் துளிகளைத் தாங்குகிற கடினமான படலங்கள். இரண்டு கடினத்துக்கு நடுவில் விட்டுக்கொடுக்கிற ஒன்று இருந்தால்தான் நிற்கும் என்றார். எனக்கு உடனே எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. நானும் அக்காவும் ஒரே குணம். மாமா நடுவில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க முடியாது.

வெல்டிங்கைவிட அதற்குப் பிறகு உள்ள காரியம்தான் முக்கியம். பிளேடைச் சூடேற்றி, சூடு இறங்காமலேயே படலம் போட்டு, அதே சூட்டில் கரி உலைக்குள் அடுக்க வேண்டும். உலை போதுமான சூட்டில் நின்ற பிறகு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் களிமண் பூசி, தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் அந்த உருக்கு கண்ணாடி மாதிரி. முதலில் சோதனைக்காகச் செய்த ஒரு பிளேடைச் சீக்கிரம் வெளியே எடுத்துப் பார்த்தோம். மேஜையில் வைத்த கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அது குப்பைக்குப் போனது. அன்றைக்கு இஞ்சினியர் எல்லோரையும் கூப்பிட்டுத் தமிழிலும் கன்னடத்திலும் சொன்னார்: "உலைக் கதவை நான் சொல்லாம யார் தொட்டாலும் அன்னிக்கே வீட்டுக்கு. மானேஜரே கையெழுத்துப் போட்டுட்டார்." மாமாவும் அந்தக் கூட்டத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று பெருமையடிக்கப் போவதில்லை. கண் எரிந்து, கழுத்து மரத்து, சாப்பாட்டில்கூட இரும்பு வாசம் அடிக்கிற மாதிரி இருந்தது. பிளேடுகள், இட்லி மாதிரி, ஈடு ஈடாக உலைக்குள் போய் ஈடு ஈடாக வெளியே வந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. கடைசி ஈடு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உலைக்குள் போனது. களிமண் பூசியதை இஞ்சினியர் நின்று பார்த்துவிட்டு, தசராவுக்கு மைசூர் போகிற ரயிலைப் பிடிக்க ஓடினார்.

ஆயுத பூஜையன்று மில்லுக்குள் குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி உண்டு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அக்காவுக்கு மாமாவின் ராஜ்யத்தைப் பார்க்கக் கிடைக்கும். பட்டுப்புடவை கட்டி, சின்னக் குழந்தையான மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன். பவர் ஹவுஸ் முழுக்க வாழைக்கன்று, மாவிலை, சாம்பிராணிப் புகை. டர்பைனின் மேல்மூடியைத் தூக்கி வைத்திருந்ததால் உள்ளே இருந்த சக்கரங்களுக்கெல்லாம் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். அதன் முன்னால் வாழை இலைகளைப் பரப்பி, பிளேடுகளை வரிசையாகப் படுக்க வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. ஜொலித்தன. "எவ்ளோ அழகா கீது பாருடா" என்றாள் அக்கா.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் இலைகளில் இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தன. உலைக்குள் ஆறிக்கொண்டிருக்க வேண்டிய கடைசி ஈடும் அங்கே படுத்திருந்தது.

மாமாவைத் தனியே இழுத்துக் கேட்டேன். "மாமா, கடைசி ஈடு எப்படி வெளிய வந்துச்சு?"

"நான்தான் விடியக்காலையில எடுத்தேன். மத்ததெல்லாம் இங்க பூ வெச்சுக்கினு கீது, அதுங்க மட்டும் இருட்டுல கிடக்கறதா? அம்மா உடம்பு பாதி இங்க, பாதி அங்கன்னு வெச்சு பூஜை பண்ணலாமா?"

"ஆறியிருந்துச்சா?"

"ஸ்வல்ப சூடு இருந்துச்சு. கோணி வெச்சுப் புடிச்சு எடுத்தேன். கரி புடிச்சுக் கன்னங்கரேல்னு இருந்துச்சுப்பா. ரெண்டு குடம் தண்ணி ஊத்தினேன், சுர்ருனு அடங்கிச்சு. சீயக்கா போட்டுத் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன்."

குளிப்பாட்டினேன் என்றார்.

அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். டர்பைனைச் சூடேற்றும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். அவசரப்பட்ட உதவியாளரை அவர் அறைந்ததையே பார்த்திருக்கிறேன். ஆனால் சாமி முன்னால் வைக்கிற பொருளைக் குளிப்பாட்டாமல் வைக்கிற பழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. சுத்தியலைக் கழுவினோம், அரத்தைக் கழுவினோம், அம்மாவின் பல்லைக் கழுவ வேண்டாமா? அந்த விடியலில் அவருக்கு அது உருக்கு இல்லை. உலைக் கதவு பற்றிய உத்தரவுகூட சாமி காரியத்துக்குப் பொருந்தாது என்றுதான் நினைத்திருக்கிறார்.

கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தபோது நான் இலையில் கிடந்த கடைசி ஈட்டையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், வேலையைத் தொட்டுத் தொடங்க வேண்டும் என்று பிளேடுகளை மண்ணெண்ணெயில் துடைக்க உட்கார்ந்தேன். முதல் ஈடுகள் எல்லாம் பளிச்சென்று வந்தன. கடைசி ஈட்டில் சிலதில் மட்டும், நான் ஏற்றிய படலத்தின் ஓரமாக, தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. துடைத்தால் போகவில்லை. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன். வெள்ளைத் தூளில் சிவப்பு மெல்ல ஊறி மேலே வந்தது. குங்குமம் தண்ணீரோடு சேர்ந்து விரிசலுக்குள் இறங்கியிருந்தது. குங்குமம் வைக்காமல் இருந்திருந்தால் அந்த விரிசல் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

மாமா வந்து எட்டிப் பார்த்தார். "பாத்தியா, வெச்ச குங்குமத்தை அம்மா விட மாட்டேங்குறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் பிளேடை அவர் கையில் திணித்தேன். "விரிசல் மாமா. சுர்ருனு அடங்கிச்சுன்னீங்களே, அது இதுதான்."

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே மெல்ல ஓட்டினார். நகம் மாட்டியது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். கோடு மறைந்தது. "இப்ப?" என்று நீட்டினார். நான் சுண்ணாம்புத் தூளைத் தூவினேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். சிவப்பு திரும்பவும் வந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டார். "இஞ்சினியருக்குச் சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"நல்லாத் தேய்ச்சுட்டா யாருக்கும் தெரியாது. பக்கத்துல நின்னு ஏத்தறவன் நான். ஏதாவது ஆனா எனக்குத்தான் ஆவும். வேற யாருக்கு இன்னா போச்சு?"

"அக்காவுக்கு?" என்றேன். அவர் உப்புத்தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அன்று அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மாமா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். முறிந்த பிளேடு என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் நம்பவில்லை, என் வாயில் எப்போதும் நெருப்புத்தானே வரும் என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள்.

"உன் வெல்டிங் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுடா. உனக்குக் கை கீது, எங்க போனாலும் வேலை. அவருக்கு அம்பதைத் தாண்டிடுச்சு. இந்த ஒரு மிஷினைத் தவிர அவருக்கு இன்னா தெரியும்? வெளிய போட்டாங்கன்னா நாங்க எங்க போறது?"

அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. பிளேடும் வெளியே போகும், மாமா வேலையும் நிலைக்கும். என் பெயர்தானே கெடும், கெடட்டும் என்று நினைத்தேன். அதைவிட நல்ல வழி இன்றைக்கு யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை.

இஞ்சினியர் மைசூரிலிருந்து வந்ததும் போய் நின்றேன். கடைசி ஈட்டில் விரிசல் விட்டிருக்கிறது, என் கை தவறிவிட்டது என்றேன். ஒரு பிளேடை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ராடு அதே ராடு. சூடு அதே சூடு. கை அதே கை. நான் பக்கத்துலயே நின்னேன். கடைசி ஈடு வெல்டிங்கால கெட்டதுன்னா முன்னாடி ஈடுகளையும் நான் நம்ப முடியாது. இன்னிக்கு இல்லாத விரிசல் ஓடறப்ப வரும். அத்தனையும் ஸ்கிராப். சீமையிலேர்ந்து பிளேடு வர்ற வரைக்கும் மில்லை மூடச் சொல்லிடறேன்."

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. டெலிபோனை எடுத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, எனக்கே தெரிந்தது. நான் சொன்ன பொய் நல்ல பிளேடுகளையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருந்தது. குழாயடியில் "ஆச்சா" என்று கேட்கிற முகங்கள் எல்லாம் வந்து நின்றன.

"சார், வெல்டிங் இல்லை" என்றேன்.

டெலிபோனை வைத்தார். "உலையைத் திறந்தாங்களா?"

"திறந்தாங்க. தண்ணி ஊத்திட்டாங்க."

"யாரு?"

நான் மேஜையில் இருந்த பிளேடைத் திருப்பி வைத்தேன். "உலையில ரெண்டு கூலி ஆள் இருக்காங்க. நீ சொல்லலேன்னா மானேஜர் அவங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவார். யோசிச்சுக்கோ" என்றார். அந்த ஆட்கள் இருவரும் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தவர்கள், பாவம். உலைப் பக்கமே வரவில்லை.

"என் அக்கா வீட்டுக்காரர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

இஞ்சினியர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மாமாவிடம் அவருக்கு மரியாதை உண்டு. சஸ்பெண்டோடு நிறுத்தலாம் என்று மானேஜரிடம் மன்றாடினார். தறி ஆட்கள் பட்டினி கிடக்கும்போது டர்பைன் டிரைவரே உத்தரவை மீறினார் என்றால் மன்னிக்க முடியாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். மாமா பவர் ஹவுஸ் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் பட்டறையிலிருந்து பார்த்தேன். முகமூடியைச் சுவரில் விட்டெறிந்தேன். யாரிடம் அந்தக் கோபம் என்று தெரியவில்லை. என்னிடம், அவரிடம், அந்த அழகான வாழை இலைகளிடம்.

விரிசல் விட்ட பிளேடுகளை ஒதுக்கினோம். ஒரு பிளேடை எடுத்தால் சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே உள்ளதையும் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனத்துச் சக்கரம் ஆடும். ஒரு குற்றமும் செய்யாத நல்ல பிளேடுகளை அப்படிக் கழற்றி எண்ணெய் பூசி வைத்தேன். சில இடம் காலியாகவே சக்கரத்தை மாட்டினார்கள். இரண்டாவது ஷிப்ட் டிரைவர்தான் ஏற்றினார். மூன்று சின்னக் குழந்தைகளுக்குத் தகப்பன், கெட்டிக்காரர். டர்பைன் மெல்ல முனகி, பிறகு ஒரே சுருதியில் பாடத் தொடங்கியது. சங்கு ஊதியது. தறிகள் ஓடின. சந்தில் அடுப்புகள் ஒழுங்காகப் புகைந்தன. ஆனால் வேலை திரும்பக் கிடைத்தவர்கள்கூட என்னைப் பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கூடப் பிறந்தவளுக்குத் தாலி கட்டினவனையே காட்டிக்கொடுத்தவன் நாளைக்கு நம்மை விடுவானா என்று பேசிக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் புரியவைக்கலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஒதுக்கிய பிளேடு ஒன்றை பட்டறை வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கி, சுத்தியலால் தட்டினேன். ஓங்கிக்கூட அடிக்கவில்லை. விளிம்புப் படலம் அந்தக் கோட்டோடு பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தில் உள்ளே வரைக்கும் சிவப்பு இருந்தது. அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். "பார் அக்கா. இது ஓடறப்ப போயிருந்தா மாமா தலை போயிருக்கும்."

கையில் எடுத்துப் பார்த்தாள். "சுத்தியால அடிச்சா எதுதான் உடையாது?" என்றாள்.

ஓடவிட்டுப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும். ஓடவிடாமல் இருக்கத்தான் அத்தனையும். நடக்காத ஒன்றை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது? அவள் என் சாப்பாட்டுத் தட்டை எடுத்து, என் எதிரிலேயே கழுவி, பரண் மேல் கவிழ்த்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு மாமாவுக்கு ஒரு சலவைப் பட்டறையில் வேலை கிடைத்தது. பாய்லர் என்று பெயர். பெரிய வெந்நீர் அண்டாதான். சந்தில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். எனக்குக் கல்யாணம் ஆனது. அக்கா வந்து, பந்தலுக்கு வெளியே நின்று அட்சதை போட்டுவிட்டுப் போனாள்.

அவள் மகள் பெரியவளானபோதுதான் என்னைக் கூப்பிட்டாக வேண்டி வந்தது. தாய்மாமன் ஓலை கட்டாமல், சீர் வைக்காமல் எங்களில் அந்தச் சடங்கு நடக்காது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினாள். புடவை, பூ, பழத் தட்டோடு போனேன். சடங்கு முடிந்து பந்தியில் உட்கார வைத்தார்கள். மாமா தானாக வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது. சோறு வரும்வரை இலையில் தண்ணீர் தெளித்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா" என்றார், என்னைப் பார்க்காமல்.

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு நான்தான் நின்னு ஏத்துவேன்னு சொன்னேனே. ஏத்தியிருக்க மாட்டேன்டா. அந்தக் கோட்டைப் பாத்ததுலருந்து அது கிட்டப் போவவே பயமா இருந்துச்சு. ஜுரம்னு படுத்துடலாம்னு நினைச்சு வெச்சிருந்தேன். செகண்ட் ஷிப்ட்காரன் வந்து ஏத்தட்டும்னு."

இரண்டாவது ஷிப்ட் டிரைவர் மூன்று குழந்தைக்காரர். விரிசல் இருப்பது தெரியாமலே வந்து வால்வைத் திருப்பியிருப்பார். இத்தனை வருடமும் மாமாவின் உயிருக்காக அக்காவை இழந்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவன் நான். அவர் அங்கே நின்றிருக்கவே மாட்டார்.

"இதை அக்காகிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வேலை போனதை அவ தாங்கிட்டா. இதைத் தாங்க மாட்டா. அவளுக்கு வேற என்ன நான் குடுத்தேன், சொல்லு" என்றார்.

அக்கா சோற்றுக் கூடையோடு எங்கள் வரிசைக்கு வந்தாள். மாமாவின் இலையில் போட்டாள். என் இலை முன்னால் நின்றாள். பந்தி பரிமாறுகிறவள் தாய்மாமன் இலையைத் தாண்டிப் போக முடியாது. பேசாமலும் போட முடியவில்லை போலிருக்கிறது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ மட்டும் அன்னிக்கு வாயைத் தொறக்காம இருந்திருந்தா, இந்த மனுஷன் தைரியமா நின்னு அந்த மிஷினை ஏத்தியிருப்பாரு. ஏத்தியிருப்பாரா இல்லியா, நீயே சொல்லு."

மாமா சோற்றில் பள்ளம் பண்ணிக்கொண்டிருந்தார். விரல்கள் நின்றுவிட்டன.

"ஏத்தியிருப்பாருக்கா" என்றேன்.

அக்கா குனிந்து என் இலையில் சோறு போட்டாள்.